சவரக் கத்தியைக் கல்லில் ஓட்டும் முறை: நுனியும் அடியும் ஏன் கூராவதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 8000 என்ற எண்ணுள்ள (எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும்) ஒரு தீட்டுக்கல்லை வாங்கியிருக்கிறீர்கள். பழைய மடக்குச் சவரக் கத்தி ஒன்றை அதில் தீட்டுகிறீர்கள். நடுப்பகுதி முடியைச் சுத்தமாக எடுக்கிறது. நுனியும் கைப்பிடிப் பக்கமும் முடியைப் பிடித்து இழுக்கின்றன. கல்லில் எத்தனை தடவை ஓட்டுவது, நேராக ஓட்டுவதா குறுக்காக ஓட்டுவதா, எவ்வளவு அழுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரு எண் சொன்னால் உங்களுக்கு உதவாது. நடுவில் கூர் வந்துவிட்டது என்றால் உங்கள் கல்லும் சரி, ஓட்டிய தடவைகளும் சரி, போதுமானவைதான். நுனியும் அடியும் கல்லைத் தொடவே இல்லை என்பதுதான் சிக்கல். தொடாத இடத்தில் இன்னும் நூறு தடவை ஓட்டினாலும் அங்கே ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும் நடுப்பகுதிதான் மேலும் தேயும். எனவே விளிம்பின் முழு நீளமும் கல்லில் படுகிறதா, படவில்லை என்றால் ஏன் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நான் பல வருடங்களாகச் சவரக் கத்திகளைத் தீட்டிவருகிறேன், எனக்கும் மற்றவர்களுக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் சமையல் கத்தி தீட்டிய பழக்கத்தோடு வருகிறார்கள். அங்கே கோணத்தைக் கைதான் பிடித்துக்கொள்ள வேண்டும். சவரக் கத்தியில் அந்தக் கோணத்தைச் செய்தவரே உள்ளே வைத்துவிட்டார். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படுமாறு படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். முதுகின் தடிமன் 5 மி.மீ., முதுகிலிருந்து விளிம்பு வரை அகலம் 18 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கச் சரிவும் (விளிம்பை ஒட்டிக் கல்லில் தேயும் குறுகிய சாய்தளம்) சேர்ந்து ஏறத்தாழ 16 பாகை வரும். ஆகவே முதுகைக் கல்லிலிருந்து தூக்கவே கூடாது, எந்தக் கட்டத்திலும். கையின் வேலை கத்தியை நகர்த்துவது மட்டும்தான். கோணத்தில் கை குறுக்கிடக் கூடாது. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

சரி, ஒரு ஓட்டத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கைப்பிடியை முழுக்கத் திறந்து, அலகோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் தடித்த கழுத்துப் பகுதி இருக்கிறதே, அதைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடியுங்கள். உள்ளங்கையால் இறுகப் பிடித்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். விரல்களுக்கு நடுவில் கத்தி சுழல முடிய வேண்டும். கல்லின் உங்கள் பக்க ஓரத்தில் முதலில் முதுகை வையுங்கள், அப்புறம் விளிம்பை மெல்ல இறக்குங்கள். விளிம்பு முன்னால் போக, முதுகு பின்னால் வர, கத்தியை முன்னோக்கித் தள்ளுங்கள். புறப்படும்போது கைப்பிடிப் பக்கத்து அடிப்பகுதி கல்லின் மேல் இருக்கும். தள்ளத் தள்ளக் கத்தியைக் கைப்பிடிப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போனால், மறு ஓரத்தை அடையும்போது நுனி கல்லின் மேல் இருக்கும். கத்தி போன தடம் கல்லின் மேல் ஒரு மூலைவிட்டம். அங்கே நின்று, முதுகு கல்லில் படிந்தபடியே இருக்க, விளிம்பை மேலே தூக்கிக் கத்தியைப் புரட்டுங்கள். மறுபக்கம் படுத்ததும் இப்போது விளிம்பு உங்களைப் பார்த்திருக்கும். அதே மாதிரி அடியிலிருந்து நுனிக்கு, உங்களை நோக்கி இழுங்கள். இரண்டு தடங்களும் சேர்ந்து பெருக்கல் குறி போல வரும். போனதும் வந்ததும் சேர்ந்து ஒரு சுற்று.

புரட்டும் நொடியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வேகம் கூடக் கூட, முதுகு கல்லைவிட்டு எழும்பி, விளிம்பின் மேல் கத்தி உருளும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அப்படி ஒரு தடவை நடந்தாலே அதுவரை செய்த வேலை அந்த இடத்தில் போய்விடும். ஓரத்தை அடைந்ததும் முழுதாக நின்று, பிறகு புரட்டுங்கள். தொடக்கத்தில் வேகத்தால் எந்த லாபமும் இல்லை. கல்லின் ஓரங்கள் கத்தி போல் கூராக இருந்தால் அவற்றையும் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். குறுக்கே வரும் விளிம்பு அந்த ஓரத்தில் தட்டினால் பொடிப் பொடியாகப் பெயரும்.

நேரா, குறுக்கா என்ற கேள்விக்கு என் பதில் குறுக்குதான். பெரும்பாலான கற்களின் அகலம் 65 முதல் 75 மி.மீ. வரை. கத்தியின் விளிம்பும் ஏறக்குறைய அதே நீளம் அல்லது சற்றுக் கூடுதல். நேராக ஓட்டினால் ஒரு முனை கல்லுக்கு வெளியே நிற்கும், அல்லது கல்லின் ஓரத்திலேயே தேயும். கல் போதிய அகலமாக இருந்தாலும் குறுக்கு ஓட்டத்தையே நான் விரும்புவேன். எந்தக் கல்லும் முழுச் சமதளம் கிடையாது. குறுக்காகப் போனால் விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் கல்லின் பல இடங்களைச் சந்திக்கும். கல்லின் மேடு பள்ளம் விளிம்பின் ஒரே இடத்தில் பதியாது. நுனியைவிட அடிப்பகுதி சற்று முந்திப் போகுமாறு கத்தியைச் சாய்த்துப் பிடிப்பதும் உண்டு. அது எனக்கு ஒத்துவருகிறது; நேர்கோட்டு விளிம்புள்ள கத்திக்கு அது கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

இனி அழுத்தம். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், நீங்களும் இதைக் கடைசியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான சவரக் கத்திகளின் இரு பக்கமும் உட்குழிவாகச் செதுக்கப்பட்டவை. விளிம்பை ஒட்டிய தகடு அவ்வளவு மெல்லியது என்பதால், விரலால் அழுத்தினால் அந்தத் தகடு வளையும். வளைந்த நிலையில் கல் தேய்ப்பது விளிம்பை அல்ல, விளிம்புக்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதியை. கையை எடுத்ததும் தகடு பழைய நிலைக்குத் திரும்பும். கூர்முனை தீண்டப்படாமலே நிற்கும். பார்க்கச் சரிவு பளபளவென்று இருக்கும், முடி மட்டும் வெட்டாது. நடுவில் விரலை ஊன்றி ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்னொரு கேடும் உண்டு: வருடக்கணக்கில் நடுப்பகுதி அதிகம் தேய்ந்து, விளிம்பு உள்வாங்கி வளைந்துவிடும். அப்படிப்பட்ட கத்தியைத் திருத்த நிறைய உலோகத்தை இழக்க வேண்டும்.

அழுத்தத்தைச் சொற்களால் விளக்குவது கடினம், அளந்து பார்ப்பது எளிது. சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து, எண்ணைச் சுழியமாக்கிவிட்டு ஒரு சில ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். லேசாகத்தான் பிடிக்கிறோம் என்று நினைத்தவர்கள் எண்ணைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். கரடான கல்லில், சரிவை உருவாக்கும் கட்டத்தில், கொஞ்சம் அழுத்தம் தரலாம். அதையும் அலகின் மேல் விரலை ஊன்றித் தராமல், கழுத்தைப் பிடித்த கையின் வழியாக மட்டும் தாருங்கள். கல் நுண்மையாக ஆக ஆக அழுத்தம் குறைய வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் கடைசி ஓட்டங்களில் கத்தியின் சொந்த எடையே போதும். விரல்கள் திசையை மட்டும் காட்டட்டும். முன்னும் பின்னும் ஒரே அழுத்தமா என்றும் தராசில் கவனியுங்கள். தள்ளும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று என்றால் ஒரு பக்கச் சரிவு மற்றதைவிட அகலமாகிக்கொண்டே போகும்.

இப்போது உங்கள் கத்திக்கு வருவோம். ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவால் இரண்டு பக்கச் சரிவிலும் விளிம்பு வரை மை பூசுங்கள், முதுகிலும் பூசுங்கள். கல்லில் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் ஓரிரு சுற்று ஓட்டிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மை போன இடம் தொட்ட இடம், நின்ற இடம் தொடாத இடம். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் மை சரிவின் பின்பகுதியில் மட்டும் போய், கடைசி மயிரிழை அளவு விளிம்பில் அப்படியே நிற்பதும் உண்டு. அப்படி நின்றால் சரிவு இன்னும் விளிம்பை எட்டவில்லை.

இரண்டு பக்கமும் நடுவில் மட்டும் மை போயிருந்தால் விளிம்பு லேசாக வெளிப்புறம் வளைந்தது என்பதே முதல் சந்தேகம். பழைய கத்திகளில் இது குறை அல்ல; பலவற்றை வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். முதுகு நேராகவும் விளிம்பு வில் போலவும் இருந்தால், தட்டையான கல்லில் அகலமான நடுப்பகுதிதான் முதலில் படும். அதை நேர்கோடாக்கித் தேய்க்க முயலாதீர்கள். ஓட்டத்தையே வளைவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அடிப்பகுதி கல்லைத் தொடும்படி தொடங்கி, தள்ளிக்கொண்டே போகும்போது தொடுபுள்ளி அடியிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து நுனிக்கும் நகருமாறு கையை மிக மிக லேசாக உயர்த்திக்கொண்டே போங்கள். உயர்த்துவது கைப்பிடிப் பக்கத்தைத்தான். அப்போதும் தொடுபுள்ளிக்கு நேராக உள்ள முதுகு கல்லில் இருக்க வேண்டும். மை பூசிப் பூசிப் பழகினால் கை இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் மிக மெதுவாகச் செய்யுங்கள்.

ஒரு பக்கத்தில் நடுவும் மறு பக்கத்தில் இரு முனைகளும் மை இழந்திருந்தால் அலகு வாழைப்பழம் போல் பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று பொருள். இதுவும் பழைய கத்திகளில் அபூர்வம் அல்ல. அகலமான கல்லை முழுதாகப் பயன்படுத்தினால் குழிந்த பக்கத்தின் நடுப்பகுதி தொடவே தொடாது. கல்லின் ஒரு நீள ஓரத்தை ஒட்டி, குறுகிய பட்டையில் மட்டும் ஓட்டினால் தொடும். குறுகலான கல் கிடைத்தால் இன்னும் எளிது.

அடிப்பகுதி மட்டும் தொடவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். கழுத்திலிருந்து அலகுக்கு இறங்கும் இடத்தில் ஒரு தடித்த மேடு இருக்கும். நான் அதைத் தோள் என்பேன். கத்தி பல காலம் தேய்ந்தபின் இந்தத் தோள் கல்லின் மேல் ஏறி, அடிப்பகுதி விளிம்பைத் தூக்கிப் பிடித்துவிடும். கத்தியைக் கல்லில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அந்த இடைவெளியில் வெளிச்சம் தெரியும். தோள் கல்லுக்கு வெளியே இருக்குமாறு சற்றுத் தள்ளித் தொடங்குவது முதல் தீர்வு. அதற்கும் அடங்காவிட்டால் அடி மூலையைக் கரட்டுக் கல்லில் உருட்டி வடிவம் மாற்ற வேண்டும். அதைப் பழக்கமான ஒருவரிடம் விடுங்கள் என்பது என் யோசனை. நுனி மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் எளியது: மறு ஓரத்தை அடையும் முன்பே புரட்டிவிடுகிறீர்கள், நுனி கல்லின் மேல் வரவே இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கல்லையே சந்தேகியுங்கள். பென்சிலால் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டு, வைரத்தூள் தகட்டாலோ, தடித்த கண்ணாடியின் மேல் ஒட்டிய நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புக்காகிதத்தாலோ தேயுங்கள். ஒரு சில தேய்ப்பில் எல்லாக் கோடும் சமமாக மறைந்தால் கல் சமதளம். நடுவில் கோடு நின்றால் குழி, ஓரங்களில் நின்றால் மேடு. மேடான கல்லும் உங்கள் கத்தியில் நீங்கள் சொன்ன அதே அறிகுறியைத் தரும். புதிய கல் என்பதால் சமதளமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

தொடுவது உறுதியானபின் 1000 பக்கத்தில் ஒரே ஒரு வேலைதான்: இரு பக்கச் சரிவும் விளிம்பின் முழு நீளத்திலும் ஒரு கோட்டில் சந்திக்க வேண்டும். விளிம்பை நேராக மேல்நோக்கி விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். சந்திக்காத இடம் வெள்ளிப் புள்ளியாக மின்னும். சந்தித்த இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முன்கை முடியில் அடி, நடு, நுனி மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். மூன்றும் ஒரே மாதிரி எடுக்கும்வரை 8000 பக்கம் போகாதீர்கள். நுண்ணிய கல், 1000-இல் விட்ட குறையைச் சரிசெய்யாது, அதை மினுக்கிக் காட்டும், அவ்வளவுதான். நேரம் மிச்சமாக, இந்தக் கட்டத்தில் ஒரே பக்கத்தை முன்னும் பின்னுமாகத் தேய்த்து, அதே அளவு மறுபக்கமும் தேய்க்கலாம். முடிக்கும்போது மட்டும் பக்கம் மாற்றி மாற்றிக் குறுக்கு ஓட்டம் வேண்டும். சமையல் கத்தியில் போல ஒரு பக்கம் பிசிறு (விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோகம்) எழும்வரை தேய்ப்பது இங்கே தேவையில்லை. எழுந்த பிசிறை முழுதாக அகற்றுவது கடினம். அது பிய்ந்து விழும்போது விளிம்பையும் கொஞ்சம் கொண்டுபோகும்.

1000-இலிருந்து 8000-க்குத் தாவுவது பெரிய தாவல். முடியாது என்றில்லை, 8000-இல் நேரம் அதிகமாகும். நடுவே 3000 முதல் 5000-க்குள் ஒரு கல் இருந்தால் கீறல்கள் சீக்கிரம் போகும். 8000-இல் தண்ணீரைக் கவனியுங்கள். விளிம்புக்கு முன்னால் தண்ணீர் ஒரு கோடாக ஓடும். சரிவு நன்றாகப் படியும்போது அந்தக் கோடு அடியிலிருந்து நுனி வரை சீராக அலகின் மேல் ஏறும். ஏறாமல் விளிம்புக்குக் கீழே நழுவிப் போகும் இடம்தான் இன்னும் வேலை பாக்கியுள்ள இடம். ஒலியும் மாறும், கல் கத்தியை லேசாகப் பிடிப்பது போலக் கையில் தெரியும். இந்த அறிகுறிகள் வந்தபின் எடையில்லாத ஓட்டங்கள் கொஞ்சம் போட்டு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இருந்தால் விளிம்பு மெல்லிய தாளாகி மடங்கத் தொடங்கும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருபவற்றில் அனுபவமுள்ளவர்களே ஒத்துப்போவதில்லை. முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டுவதா வேண்டாமா என்பது ஒன்று. டேப் முதுகைத் தேயாமல் காக்கும், ஆனால் கோணத்தைக் கூட்டும். நான் மேலே சொன்ன 5-க்கு 18 அளவுக் கத்தியில் 0.15 மி.மீ. டேப் இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 1 பாகை கூட்டிவிடும். அலங்கார வேலைப்பாடு உள்ள முதுகுக்கும் கத்தியைத் திருத்தும் கனத்த வேலைக்கும் நான் டேப் ஒட்டுவேன். வழக்கமான தீட்டலுக்கு ஒட்டுவதில்லை. ஒட்டுவது என்று முடிவெடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒட்டுங்கள், கல் மாறும்போது டேப்பையும் மாற்றுங்கள். இன்னொன்று, ஒற்றை முடியைத் தொங்கவிட்டு விளிம்பால் தொட்டு வெட்டிப் பார்க்கும் சோதனை. முடியின் தடிமன், ஈரம், எந்த முனையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஒரே தலையின் முடியை வைத்து உங்கள் வேலையை நீங்களே ஒப்பிட உதவும், அடுத்தவரோடு ஒப்பிட உதவாது. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் கோட்டிகுல் போன்ற இயற்கைக் கல்லில் முடித்தால் சவரம் மிருதுவாக இருக்கும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அது தோலுக்குத் தோல் மாறும் உணர்வு, அதைக் கொண்டு உங்களைச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

தோல்வாரை, அதாவது தீட்டிய கத்தியை ஓட்டி விளிம்பைச் சீராக்கும் தோல் பட்டையை, மறக்காதீர்கள். கல்லுக்கு நேர் எதிராக, அங்கே முதுகு முன்னால் போக வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும். வார் தொய்யாமல் இறுக்கமாக இருக்கட்டும். தொய்ந்தால் தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து கூர்முனையை உருட்டிவிடும். புரட்டுவது இங்கும் முதுகின் மேல்தான். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் செய்தால் கல்லுக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான முடி எப்படிக் கத்தியை மழுக்குகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் பார்த்து 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். விளிம்பு வெறுமனே தேய்ந்து உருண்டையாவதில்லை. முடி வளைந்து சாய்வாக விளிம்பைச் சந்திக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரற்ற இடங்களில் நுண்ணிய துண்டுகள் பெயர்கின்றன என்பது அவர்கள் கண்டது. அவர்கள் சோதித்தது பயன்படுத்தி எறியும் ரேசரின் பிளேடுகளை. நம் கத்திக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் முடியை நன்றாக நனைத்து மிருதுவாக்கிய பிறகே கத்தியை வைக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல காரணம். பெயர்ந்த துண்டைத் தோல்வாரால் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதால், என்றாவது ஒரு நாள் கல்லுக்கு வரத்தான் வேண்டும்.

கத்தியைப் பார்க்காமல் இதற்கு மேல் என்னால் கணிக்க முடியாது. விளிம்பை ஒட்டித் துருக்குழிகள் இருந்தாலோ, விளிம்பிலிருந்து மேல்நோக்கி மயிரிழை விரிசல் ஓடினாலோ எந்த ஓட்டமும் பலன் தராது. விரிசல் உள்ள கத்தியை முகத்தில் வைக்கவே வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை என்றால் கல்லைச் சமப்படுத்தி, மை பூசி, அழுத்தாமல் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் மை நிற்கிறது என்று தெரிந்தால், மேலே சொன்ன காரணங்களில் எது உங்களுடையது என்று பார்த்துச் சொல்கிறேன்.